ரப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்

பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கணக்கு நோட்டைப் புரட்டினால், அவளுக்கு எதில் பயம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தப்பான விடைகளைத் தேட வேண்டாம், தப்பே இல்லாத பக்கங்களைப் பாருங்கள். கிழித்தெடுத்த தாள்களின் ஓரம் தையலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே வரியை மூன்று முறை அழித்ததில் தாள் தேய்ந்து மறுபக்க எழுத்து தெரியும். கடினமான கணக்குக்கு நேரே வெற்றிடம் இருக்கும். அது தெரியாமல் விட்ட இடம் அல்ல. பாதிவரை போட்டுப் பார்த்து, சரியாக வராது என்று தோன்றியதும் சுவடே இல்லாமல் அழித்த இடம். திருத்துபவருக்கு அது "இவளுக்குத் தெரியவில்லை" என்று படும். அவளுக்கோ பாதிக்கு மேல் தெரிந்திருக்கும்.

முப்பது வயதில் அந்த நோட்டு மின்னஞ்சலின் வரைவுப் பெட்டியாக மாறுகிறது, அவ்வளவுதான். எழுதி முடித்து நான்கு நாளாக அனுப்பாத கடிதம், "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்று யாருக்கும் காட்டாத திட்டம், கூட்டத்தில் வாயைத் திறக்குமுன்பே "இது முட்டாள்தனமான கேள்வியா இருக்கலாம்" என்ற முன்னுரை. வேலைக்கான விளம்பரத்தில் எட்டு தகுதிகளில் ஆறு இருந்தும் விண்ணப்பிக்காமல் மூடிவிட்ட பக்கம்.

தரமாகச் செய்ய ஆசைப்படுவதும், எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற கச்சிதப் பித்தும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: தப்பு நேர்ந்த மறுநிமிடம் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். தரத்தை நாடுபவள் வேலையைப் பார்ப்பாள், "எங்கே பிசகியது?" என்பாள். பித்துப் பிடித்தவள் தன்னைப் பார்ப்பாள், "எனக்கு இது வராது" என்பாள். முதலாமவளின் வேலை வெளியே போகும். இரண்டாமவளின் வேலை மேசைக்குள்ளேயே தங்கும். ஹெவிட், ஃபிளெட் என்ற உளவியலாளர்கள் 1991இல் இந்தப் பித்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை கல்லூரி மாணவர்களிடம் எடுத்த அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மூன்றுமே கூடியிருந்தன. மிக அதிகமாகக் கூடியது மூன்றாவது. ஆண் மாணவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. ஆகவே இது பெண்களின் நோய் அல்ல. பெண் பிள்ளைகளுக்கு இதிலிருந்து வெளியேறிப் பழகும் வாய்ப்புகள் குறைவு என்பதே சிக்கல்.

அந்தக் குறைவு வெகு சீக்கிரம் தொடங்குகிறது. பதினோரு மாதக் குழந்தைகளைச் சரிவான பலகையில் தவழவிட்ட ஓர் ஆய்வு 2000இல் வெளிவந்தது. எவ்வளவு செங்குத்தான சரிவில் உங்கள் குழந்தை இறங்கும் என்று தாய்மாரிடம் முன்கூட்டியே கேட்டார்கள். தவழ்வதில் ஆண், பெண் குழந்தைகளிடையே வேறுபாடே இல்லை. ஆனால் மகன் வைத்திருந்தவர்கள் மிகையாகவும், மகள் வைத்திருந்தவர்கள் குறைவாகவும் கணித்தார்கள். கணிப்பைப் பொறுத்துத்தானே கை நீளும்? "பார்த்து, பார்த்து" என்ற சொல் யார் காதில் அதிகம் விழும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

பிறகு வகுப்பறை. உளவியலாளர் கரோல் ட்வெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1978இல் வெளியிட்ட கவனிப்பு இன்றைக்கும் பயிற்சியாளர்களுக்கு உதவுகிறது. பையன்கள் திட்டு வாங்கியதில் பெரும்பகுதி சேட்டைக்கும் அலங்கோலமான கையெழுத்துக்கும். அதனால் விமர்சனம் வந்தால் "வாத்தியாருக்கு என்னைப் பிடிக்காது" என்று தட்டிவிட முடிந்தது. பெண்கள் வாங்கிய திட்டு குறைவு. ஆனால் வாங்கியதெல்லாம் ஏறக்குறைய விடையின் தரத்துக்காகவே. அடங்கி இருக்கும் பிள்ளைக்கு வரும் ஒரே விமர்சனம் "உன் மூளை சரியில்லை" என்பதுபோல் கேட்கும். நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அவள் கொடுக்கும் விலை இது.

ஆறு வயதில் இன்னொரு திருப்பம். லின் பியானும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் காட்டியது: ஐந்து வயதில் பெண்ணும் பையனும் "ரொம்ப ரொம்பப் புத்திசாலி" என்ற சொல்லைத் தங்கள் பக்கத்துக்கே சம அளவில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆறு வயதில் பெண்கள் அதைக் குறைத்துக்கொள்கிறார்கள், மெத்தப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னால் ஒதுங்கவும் தொடங்குகிறார்கள். ஆகவே "பத்தாம் வகுப்பு முடியட்டும், அப்புறம் தன்னம்பிக்கை வகுப்பில் சேர்க்கலாம்" என்று காத்திருப்பது பத்து வருடத் தாமதம்.

பாராட்டிலிருந்து தொடங்குவோம், செலவில்லாத மாற்றம் அதுதான். ட்வெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், எளிய புதிர்களை முடித்த குழந்தைகளில் ஒரு பிரிவை "நீ கெட்டிக்காரி" என்ற வகையிலும் இன்னொரு பிரிவை "நன்றாக உழைத்தாய்" என்ற வகையிலும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர் தந்து தோற்க வைத்தார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அடுத்த சுற்றில் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தப் பிரிவில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

இதைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் செய்யும் அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் "நல்ல முயற்சி" என்று சொல்வது. தோற்றவளிடம் வெறும் முயற்சியைப் புகழ்ந்தால் அது ஆறுதல் பரிசுபோல் ஒலிக்கும், பத்து வயதிலேயே அவர்களுக்கு அது புரிந்துவிடும். கண்ணால் பார்த்த ஒரு செயலைச் சொல்லுங்கள். "முதல் வழி வரலைன்னதும் படம் போட்டுப் பார்த்தே, அது நல்ல முடிவு." "பாதியிலேயே எங்கிட்ட காட்டினே, அதனாலதான் தப்பைச் சீக்கிரம் கண்டுபிடிச்சோம்." வழிமுறை தவறாக இருந்தால் தவறு என்றே சொல்லலாம், அடுத்து எதை மாற்றிப் பார்ப்பது என்பதையும் கூடவே சொன்னால் போதும். "சமத்து" என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒளித்துவையுங்கள். அது பெரும்பாலும் "எங்களுக்குத் தொந்தரவு தரவில்லை" என்பதற்கான பரிசு.

ஏணி போடுவது

"தைரியமா இரு" என்பது கட்டளை, அதை எப்படிச் செய்வதென்று அதில் இல்லை. துணிவைத் தவணை முறையில்தான் கட்ட முடியும். அதற்கு மனநல சிகிச்சையில் வெகுகாலமாகப் பயன்படும் ஏணி முறை போதும்.

ஒரு தாளில் அவள் தவிர்க்கும் பத்துக் காரியங்களை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண்: 0 என்றால் ஒன்றுமில்லை, 100 என்றால் ஓடிவிடலாம் போல இருக்கும். வகுப்பிலோ கூட்டத்திலோ பேச அஞ்சுபவளின் ஏணி பெரும்பாலும் இப்படி அமையும்: தோழியிடம் "எனக்கு இது புரியலை" என்று சொல்வது 20, திருத்திப் பார்க்காமல் குறுஞ்செய்தி அனுப்புவது 30, பாதி முடித்த வேலையை ஒருவரிடம் காட்டுவது 45, ஒத்திகை பார்க்காமல் ஒரு கேள்வி கேட்பது 60, மூத்தவர் சொன்னதை எல்லோர் முன்னும் மறுப்பது 85. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். பார்வையாளருக்குச் சின்னதாகத் தெரியும் படி அவளுக்கு 70 ஆக இருக்கலாம், அதோடு வாதாடக் கூடாது.

30க்கும் 40க்கும் இடைப்பட்ட படியில் தொடங்குங்கள். 20 சலிப்பூட்டும், 60 முதல் நாளே முறித்துவிடும். வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் பத்திருபது நிமிடத்துக்குள் முடியும் காரியமாக இருக்கட்டும். மாதம் ஒரு முறை பெரிய மேடை ஏறுவதைவிட இது வேலை செய்யும், ஏனென்றால் நீண்ட இடைவெளியில் பயம் பழைய அளவுக்கே வளர்ந்துவிடுகிறது. ஒரு படியின் மதிப்பெண் தொடர்ந்து இரண்டு முறை பாதிக்குக் குறைந்தால் அடுத்த படி. ஏறும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: கேட்பவர் எண்ணிக்கை, அவர்கள் எவ்வளவு தெரிந்தவர்கள், தயாரிக்கும் நேரம், இவற்றில் ஏதாவது ஒன்று. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பயமுறுத்தியது என்றே தெரியாது.

ஒவ்வொரு முயற்சிக்கும் நோட்டில் மூன்று பத்தி. என்ன நடக்கும் என்று பயந்தேன், இது முயற்சிக்கு முன்பே எழுத வேண்டியது. என்ன நடந்தது. அடுத்த முறை எதை மாற்றுவேன். முதல் பத்தியைப் பிற்பாடு எழுதினால் பயனில்லை, மனம் வசதியாகத் திருத்திக்கொள்ளும். "எல்லாரும் சிரிப்பாங்க" என்று எழுதியிருக்கும், "ஒருத்தர் அதே சந்தேகம் தனக்கும்னு சொன்னார்" என்று பக்கத்திலேயே வரும். பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்த பிறகு, யாரும் போதிக்காமலே தன் கணிப்பு எவ்வளவு தூரம் தவறுகிறது என்பது அவளுக்குத் தெரியும். சில வரிகளில் பயந்ததே நடந்தும் இருக்கும். அதையும் அப்படியே எழுத வேண்டும், மெழுகக் கூடாது. நடந்த பிறகும் மறுநாள் விடிந்தது என்பதுதான் அந்த வரியின் பயன்.

ஐந்து முறை செய்தும் எண் இறங்கவில்லை என்றால் எங்கோ ஓர் ஊன்றுகோல் ஒளிந்திருக்கிறது. மிதமிஞ்சிய தயாரிப்பு, எழுதிவைத்ததை அப்படியே வாசிப்பது, முன்கூட்டியே மன்னிப்பு, அனுப்புமுன் யாரையாவது ஒரு கண் பார்க்கச் சொல்வது, கேள்வியை முணுமுணுப்பாகக் கேட்பது. இவை இருக்கும்வரை "நான் பிழைத்தது ஊன்றுகோலால்" என்றே மனம் கணக்கெழுதும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மன்னிப்பு முன்னுரையிலிருந்து தொடங்குவது எளிது, அதைக் காதால் கேட்டுப் பிடித்துவிடலாம்.

இன்னொரு விபத்தும் அடிக்கடி நடக்கும், கொஞ்சம் சிரிப்பும் வரும். கச்சிதப் பித்துள்ளவள் இந்த ஏணியையே கச்சிதமாகச் செய்வாள். நான்கு நிறப் பேனாக்கள், அளவுகோல் வைத்துப் போட்ட கட்டங்கள், ஒரு நாள் விடுபட்டால் முழு நோட்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நோட்டு. அதைத் தடுக்கத்தான் நோட்டுக்கு மலிவான தாள், பென்சில் வேண்டாம், பேனா மட்டும். ரப்பர் அறைக்குள்ளேயே வரக் கூடாது. தவறை ஒரு கோடு கிழித்து அடிக்கலாம், ஆனால் அடித்தது தெரிய வேண்டும். விடுபட்ட நாளுக்கு நேரே "விடுபட்டது" என்று ஒரே சொல், விளக்கம் தேவையில்லை.

முடிக்கும் கோட்டை முதலிலேயே போடுவது

ஒரு வேலை எப்போது முடிந்தது என்று கச்சிதப் பித்து ஒருநாளும் சொல்லாது. ஆகவே தொடங்குமுன் "இது போதும்" என்பதை மூன்று நிபந்தனைகளில் எழுதிவிட வேண்டும். ஏழு நிமிடப் பேச்சு என்றால்: கருத்துகள் மூன்றும் வரிசையில் இருக்கின்றன, கடைசி வரிசைக்கு எழுத்து தெரிகிறது, ஏழு நிமிடத்தில் முடிகிறது. இதற்கு மேல் செய்வது அலங்காரம், நேரமிருந்தால் மட்டும். முதல் வரைவுக்கு 25 நிமிடம், கடிகாரம் வைத்து. திருத்தம் இரண்டு சுற்று: முதல் சுற்றில் பொருள் மட்டும், இரண்டாவதில் எழுத்துப்பிழை. மூன்றாவது சுற்றில் பெரும்பாலும் ஒரு சொல்லை மாற்றி, பிறகு பழைய சொல்லையே திரும்ப வைப்பதுதான் நடக்கிறது.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. மருந்தின் அளவு, பாறை ஏறுபவளின் முடிச்சு, பாலத்தின் கணக்கு, இவற்றில் பிழையின்மையே தர்மம். தவறின் விலை என்ன, திருத்த முடியுமா என்ற இரண்டு கேள்விகள் போதும். விலை அதிகம், திருத்த முடியாது என்றால் மூன்று முறை சரிபார்க்கட்டும். மலிவு, திருத்தலாம் என்றால் இன்றே அனுப்பட்டும். நெருக்கடி எங்கே என்றால், அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை, ஆனால் அவள் எல்லாவற்றையும் முதல் வகையாக நடத்துகிறாள்.

தேர்வில் இது அப்பட்டமான கணக்காகவே தெரியும். தவறான விடைக்குக் கழிவு உண்டென்றால், அறிவு ஒத்திருந்தாலும் பெண்கள் அதிகக் கேள்விகளை விட்டுவிடுகிறார்கள் என்று கேத்தரின் பால்டிகா 2014இல் வெளியிட்ட சோதனை காட்டியது. கழிவு இல்லையென்றால் அந்த வேறுபாடும் இல்லை. சிலி நாட்டின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் கழிவை நீக்கியபோது, விடுபட்ட கேள்விகளில் இருந்த ஆண் பெண் இடைவெளி ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. விதியை நம்மால் மாற்ற முடியாத இடத்தில் கணக்கையாவது கற்றுக்கொடுக்கலாம். நான்கு விடைகள், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்றால், கண்ணை மூடிக் குறித்தால்கூட சராசரியாக ஒரு கேள்விக்கு 0.25 கிடைக்கும். ஒரு விடையை நிச்சயம் தவறென்று ஒதுக்க முடிந்தால் சுமார் 0.67, இரண்டை ஒதுக்கினால் 1.5. "உறுதியாத் தெரிஞ்சா மட்டும் எழுது" என்ற அன்பான அறிவுரை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் மதிப்பெண் இது. சரியான விடைக்குக் கிடைப்பதில் 3இல் 1 பங்கு கழிவு என்ற தேர்வில் கண்மூடிக் குறிப்பதன் சராசரிப் பலன் பூஜ்யம், ஒன்றை ஒதுக்கினால் லாபம். மாதிரித் தேர்வுகளில் விட்ட கேள்விகளுக்கும் "குறித்திருந்தால் எது?" என்று ஓரத்தில் எழுதவைத்து, பிறகு எண்ணிப் பாருங்கள். விட்டதில் எத்தனை சரி என்பது எந்தப் பேச்சைவிடவும் வேகமாக வேலை செய்யும்.

கூட இருப்பவர்களின் பாடு

அவளை மட்டும் திருத்தினால் போதாது. தவறுக்கு அடி விழும் இடத்தில் துணிவைக் கற்பிப்பது ஏமாற்று வேலை. வகுப்பறையில் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியே காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். மூன்று வினாடியாக்கினால் விடைகள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், மூன்று வினாடி எவ்வளவு நீளம் என்று ஆச்சரியமாக இருக்கும். கருத்தரங்குகளில் இதேபோல்: பத்து நாடுகளில் சுமார் 250 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் பெண்கள் மிகக் குறைவாகவே கேள்வி கேட்டார்கள், முதல் கேள்வியை ஆண் கேட்ட இடங்களில் இன்னும் குறைவு. தலைமை தாங்குபவர் முதலில் எந்தக் கைக்கு வாய்ப்புத் தருகிறார் என்பது சின்ன விஷயம் அல்ல.

உதவுவதற்கு முன் பதினைந்து வரை எண்ணுங்கள். பிறகும் கையை நீட்டாமல் "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேளுங்கள். பேனாவைப் பிடுங்கி எழுதிக் காட்டினால் விடை வந்துவிடும், "எனக்கு வராது" என்பதும் உறுதியாகிவிடும்.

பெரியவர்கள் தவறுவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். முதல் முறையிலேயே பிசகின்றிச் செய்து காட்டுபவரைவிட, தடுமாறி, வழியை மாற்றி, பிறகு முடிப்பவரைப் பார்க்கும்போது, கற்கச் சிரமப்படும் குழந்தைகளின் நம்பிக்கை கூடுகிறது என்பது டேல் ஷங்கின் 1980களின் ஆய்வுகளில் தெரிந்தது. ஆகவே செய்துகாட்டும்போது தப்பைச் சத்தமாகவே சொல்லுங்கள்: "கூட்டினது தப்பு, திரும்ப மேலேர்ந்து பார்க்கிறேன்." அதே சமயம் "எனக்குக் கணக்கே வராதுப்பா" என்று சிரிப்பது வேறு. முதல் இரண்டு வகுப்புகளின் ஆசிரியைகளிடம் கணக்குப் பயம் இருந்தால், ஆண்டு முடிவில் அது மாணவிகளின் கணக்கைப் பாதித்தது, மாணவர்களை அல்ல. 2010இல் வெளிவந்த முடிவு இது.

பெரியவளானபின்

விண்ணப்பம் பற்றி ஒரு பிரபலமான கணக்கு உண்டு: ஆண்கள் 60 சதவீதத் தகுதி இருந்தாலே விண்ணப்பிக்கிறார்கள், பெண்கள் 100 இருந்தால் மட்டும். அதற்கு வெளியிடப்பட்ட ஆய்வு ஆதாரம் இல்லை, ஒரு நிறுவனத்தின் உள் அறிக்கையாகச் சொல்லிச் சொல்லிப் பரவியது. இதைவிடப் பயனுள்ளது, டாரா மோர் 2014இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய கருத்துக் கேட்பு. விண்ணப்பிக்காததற்கு ஆண், பெண் இருவரும் சொன்ன முதன்மைக் காரணம் தன்னம்பிக்கைக் குறைவு அல்ல. எழுதியிருந்த தகுதிகளை உண்மையான விதி என்று எடுத்துக்கொண்டதுதான். விதியைப் பின்பற்றியே பாராட்டு வாங்கி வளர்ந்தவள் இதில் கூடுதலாகச் சிக்குவதில் வியப்பில்லை. விளம்பரத்தை அச்செடுத்து ஒவ்வொரு வரிக்கும் குறியிடுங்கள்: சட்டப்படியோ வேலைப்படியோ இல்லாமல் முடியாதது, மூன்று மாதத்தில் கற்கக்கூடியது, இருந்தால் நல்லது. முதல் வகை முழுதும் இருந்தால் விண்ணப்பம் போக வேண்டும்.

சம்பளப் பேச்சில் எச்சரிக்கை தேவை. சம்பளம் பேசித் தீர்மானிக்கத்தக்கது என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தால் பேரம் பேசுவதில் ஆண் பெண் வேறுபாடு மறைகிறது என்று பொருளியலாளர்கள் லைப்ரான்ட்டும் லிஸ்டும் 2015இல் காட்டினார்கள். எழுதாத இடத்தில் அவளே முதல் வாக்கியமாகக் கேட்டுக்கொள்ளலாம்: "இந்தத் தொகை பேசி முடிவு செய்யக்கூடியதா?" ஆனால் கூடுதலாகக் கேட்ட பெண்ணை, அதையே கேட்ட ஆணைவிடக் கடுமையாக மதிப்பிடுகிறார்கள் என்பதும் 2007ஆம் ஆண்டுச் சோதனைகளில் வெளிப்பட்ட உண்மை. தயங்குபவளைக் கோழை என்பது நியாயமல்ல, அவள் கணக்குப் போட்டுத்தான் தயங்குகிறாள். யாரிடம், எப்போது, எந்தச் சான்றுகளோடு கேட்பது என்பதை ஏணியின் மேல் படிகளில் வையுங்கள். துன்புறுத்தல் நடக்கும் இடத்தில் அவளைத் தனியே எதிர்த்து நிற்கச் சொல்வது இந்தப் பயிற்சியில் சேராது. சாப்பாடு குறைவது, வாரக்கணக்கில் தூக்கமின்மை, தன்னைத் தானே காயப்படுத்துவது ஆகியவை தென்பட்டால் ஏணியை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

எட்டு வாரம் கழித்து "தைரியம் வந்ததா?" என்று கேட்காதீர்கள், எண்ணுங்கள். வேலை முடிந்ததற்கும் அனுப்பியதற்கும் இடையே எத்தனை மணி நேரம்? வாரத்துக்கு எத்தனை மன்னிப்பு முன்னுரை? நோட்டில் அடித்த கோடுகள் கூடியிருக்கின்றனவா? கூடியிருந்தால் நல்லது. கேட்காமலே பாதி வேலையைக் கொண்டுவந்து காட்டும் நாள் ஒன்று வரும். காட்டும்போது அவள் கண் தாளில் இருக்காது, உங்கள் முகத்தில் இருக்கும். அந்த முதல் நிமிடத்தில் எழுத்துப்பிழை மேல் விரல் வைக்காமல், அவள் எதைச் சொல்ல முயல்கிறாள் என்று கேளுங்கள்.